ஏலத்தில் பொய்க் கேள்வி



தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடை பெஞ்சில் அமர்ந்து பேசும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில், பணி ஓய்வு பெற்ற ரயில்வே எஞ்சினியருக்கு ஓய்வு என்பது பெயரளவில்தான். பத்திரம் படித்துச் சொல்வது, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, வங்கியிலிருந்து வந்த கடிதத்துக்கு அர்த்தம் சொல்வது என்று ஏதாவது ஒன்று வாசல் தேடி வந்துகொண்டே இருக்கும். அப்படித்தான் சில மாதங்களுக்கு முன் அடுத்த தோட்டத்துக்காரர் மகன் கைபேசியும் கையுமாக வந்தான். இணைய ஏலத்தில் ஒரு பழைய டிராக்டர் எடுத்திருந்தான். விலை 2,86,000 ரூபாய்.

"ஏனுங்க மாமா, ரெண்டு லட்சத்துப் பத்தாயிரத்தோட மத்தவங்க எல்லாம் நின்னுட்டாங்க. ஒருத்தன் மட்டும் விடாம என்கூட ஏறிட்டே வந்தான். 2,86,000 சொன்னதும் அவனும் நின்னுட்டான். இப்பப் பார்த்தா அந்த ஆள் அதே கம்பெனியோட எல்லா ஏலத்திலயும் இருக்கானுங்க. ஒண்ணுகூட எடுக்கறதில்ல. நான் ஏமாந்துட்டனுங்களா?" என்று கேட்டான். ஏலம் கேட்பவரின் பெயர் அதில் தெரியாது. ஓர் அடையாள எண் மட்டுமே தெரியும். அந்த எண்ணைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான்.

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன், தெரிந்த வக்கீலிடம் கேட்டேன், என் பழைய உத்தியோக அனுபவத்தையும் அசை போட்டேன். நம் சங்க இதழுக்கு இதையே கட்டுரையாக எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல. டிப்ளமா படித்துவிட்டுத் தண்டவாளத்தோடு காலம் கழித்தவன். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஏலம் எதற்காக?

ஏலம் என்ற சொல் போர்த்துகீசியரோடு வந்தது. அவர்களின் 'லெய்லாவோ' என்ற சொல்லே மலையாளத்தில் 'லேலம்' என்றும் தமிழில் 'ஏலம்' என்றும் ஆயிற்று. இடுக்கிப் பக்கம் போனால் ஏலக்காய்க்கும் ஏலம் என்றே பெயர். ஆகவே அங்கே ஏலத்தை ஏலம் விடுகிறார்கள். சொல் வேடிக்கை இருக்கட்டும், விஷயத்துக்கு வருவோம்.

விலை தெரிந்த பொருளை யாரும் ஏலம் விடுவதில்லை. தீப்பெட்டிக்கு ஏலம் தேவையில்லை. பழைய டிராக்டர், கழித்த தண்டவாளம், ஜப்தியான வீடு, இன்று பறித்த தக்காளி போன்றவற்றின் விலைதான் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் கருவியே ஏலம். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே விலை இருவருக்குள் ரகசியம். ஏலத்தில் அப்படி இல்லை. ஒருவர் கேட்கும் விலை எல்லோர் காதிலும் விழுகிறது. 'இந்தப் பொருள் எனக்கு இவ்வளவு பெறும்' என்று பத்துப் பேர் முன்னிலையில் அவர் சாட்சி சொல்கிறார். மற்றவர்கள் அந்தச் சாட்சியைக் கேட்டுத்தான் தங்கள் கணக்கைப் போடுகிறார்கள்.

நம் ஏல மொழியில் இதற்குக் 'கேள்வி' என்று பெயர். வாங்கும் எண்ணமே இல்லாமல், விற்பவருக்காக விலையை ஏற்றுவதற்கென்று கேட்பது பொய்க் கேள்வி. அது பொய்ச் சாட்சிக்குச் சமம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதன் விளக்கம்.

பழைய இரும்பும் பழைய தந்திரமும்

ஏலத்தில் மோசடி இரண்டு வகை. விற்பவர் தரப்பு செய்வது ஒன்று. வாங்குபவர்கள் கூடிச் செய்வது மற்றொன்று. நான் முதலில் பார்த்தது இரண்டாவது வகையை.

மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றும்போது மலைபோலப் பழைய சாமான் சேரும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓடும் பாலக்காடு – பொள்ளாச்சி பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ல் மீட்டர் கேஜ் வண்டி நின்றது. 2015-ல் அகலப் பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது. 1,000 மில்லிமீட்டர் பாதை 1,676 மில்லிமீட்டர் ஆகும்போது பழைய தண்டவாளம், வார்ப்பிரும்பு சி.எஸ்.டி.-9 ஸ்லீப்பர், இரும்புச் சாவி, போல்ட்டு எல்லாம் கழிவாகிவிடும். அவற்றை ரகம் பிரித்து, லாட் லாட்டாகக் குவித்து, எண் போட்டு விற்க வேண்டும். குவித்து வைப்பதும் கணக்குக் காட்டுவதும் எங்களைப் போன்றவர்களின் வேலை.

இணையம் வருவதற்கு முன் டெப்போ முற்றத்திலேயே ஏலம் நடக்கும். ஏலக்காரர் ஒவ்வொரு லாட்டாக நடந்துகொண்டே விலை கூறுவார். வியாபாரிகள் பின்னாலேயே வருவார்கள். நான் பார்த்த ஓர் ஏலத்தில், ஒரு லாட்டுக்கு ஒருவர் மட்டும் கேட்பார்; மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். அடுத்த லாட்டுக்கு இன்னொருவர் முறை. சாயங்காலம் வெளியே டீக்கடையில் அவர்களுக்குள் ஒரு தனி ஏலம் நடக்கும். அங்கே ஏறிய விலைக்கும் உள்ளே எடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இதைத்தான் சிண்டிகேட் என்கிறோம். புது ஆள் யாராவது உள்ளே வந்து கேட்டால் அவரை ஓரமாக அழைத்துப் போய்ப் 'பேசி' அனுப்பிவிடுவார்கள்.

ரயில்வே இதற்கு ஒரு பாதுகாப்பு வைத்திருந்தது. ஒவ்வொரு லாட்டுக்கும் குறைந்தபட்ச விலை ஒன்றை முன்கூட்டியே ரகசியமாக நிர்ணயித்திருப்பார்கள். கேள்வி அதைத் தொடாவிட்டால் லாட்டைக் கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் சிண்டிகேட் பலமாக இருந்தால் நஷ்டம் பொதுப் பணத்துக்குத்தான். இந்தியச் சட்டத்தில் இதற்குப் பெயர் உண்டு. 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஏலத்திலும் டெண்டரிலும் கூட்டுச் சேர்ந்து விலையைக் கட்டுப்படுத்துவதைத் தடை செய்கிறது. ரயில் பெட்டிகளுக்கான பிரேக் பிளாக் டெண்டரில் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்ததைப் போட்டி ஆணையம் 2020-ல் உறுதி செய்தது.

முகம் மறைந்தது

இப்போது ரயில்வே கழிவுச் சாமான் ஐ.ஆர்.இ.பி.எஸ். என்ற இணையதளத்தில் ஏலம் போகிறது. ரயில்வேயின் சொந்தக் கணினி அமைப்பான கிரிஸ் அதை உருவாக்கியது. பதிவு செய்துகொண்ட வியாபாரி தன் ஊரில் இருந்தபடியே டிஜிட்டல் கையெழுத்தோடு விலை கேட்கலாம். 2022 முதல் ஸ்டேஷன் வாகன நிறுத்தம், விளம்பரப் பலகை, பார்சல் பெட்டி ஆகியவற்றின் குத்தகையும் இணைய ஏலத்துக்கு வந்துவிட்டது.

ஏலக்காயும் அப்படியே. 1987-ஆம் ஆண்டு விதிகளின்படி ஏலக்காரருக்கும் வியாபாரிக்கும் லைசென்ஸ் வேண்டும். கையைத் தூக்கியும் குரல் கொடுத்தும் நடந்த ஏலம் 2007 முதல் மின்னணு ஏலமாக மாறியது. இடுக்கியில் புற்றடி, தேனிப் பக்கம் போடிநாயக்கனூர் ஆகிய இரண்டும் இதன் தலைமை இடங்கள். இரண்டிலும் விற்பவர்களில் நம் தமிழ் விவசாயிகள் ஏராளம். 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. விலை இப்படி ஏறி இறங்கும் பொருளில், ஏலம் நேர்மையாக நடப்பது ஒரு குடும்பத்தின் வருஷ வருமானத்தைத் தீர்மானிக்கும் விஷயம்.

இணைய ஏலம் செய்த பெரிய நன்மை, கேட்பவர்களின் முகத்தை ஒருவருக்கொருவர் மறைத்தது. எதிரே கேட்பது யார் என்று தெரியாவிட்டால் அவரை ஓரமாக அழைத்துப் போய்ப் பேச முடியாது. ஆகவே முற்றத்து சிண்டிகேட்டுக்கு இது பலத்த அடி.

ஆனால் முகம் மறைவது இருபுறமும் வெட்டும் கத்தி. முற்றத்தில் நின்று கேட்கும் காலத்தில் விற்பவரின் மைத்துனர் கை தூக்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். 'அட, அது அவங்க ஆளு' என்று ஒதுங்கிவிடலாம். இணையத்தில் மைத்துனருக்கும் மதுரைக்காரருக்கும் ஒரே மாதிரி அடையாள எண்தான். வாங்குபவர்கள் கூட்டுச் சேருவது கடினமாயிற்று; விற்பவர் ஆள் வைத்துக் கேட்பது சுலபமாயிற்று. அந்த ஆள் உண்மையில் ஆளாகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஒருவரே நாலு பெயரில் கணக்குத் திறந்துகொள்ளலாம்.

பெரிய இடத்திலும் இந்தச் சந்தேகம் எழுந்ததுண்டு. 2014-ல் உச்ச நீதிமன்றம் 204 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்த பிறகு, 2015-ல் எம்.எஸ்.டி.சி. தளத்தில் இணைய ஏலம் நடந்தது. அதைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்காயர் 2016-ல் அளித்த அறிக்கையில், முதல் இரண்டு சுற்றுகளில் 11 சுரங்கங்களுக்குப் போதிய போட்டி இருந்தது என்று உறுதி சொல்ல முடியவில்லை என்றார். ஒரே குழுமத்தைச் சேர்ந்த பல கம்பெனிகள் ஒரே சுரங்கத்துக்குக் கேட்டதே காரணம். கைகள் பல, உடம்பு ஒன்று.

பொய்க் கேள்வி வேலை செய்யும் விதம்

ஓர் உதாரணம் பார்ப்போம். பழைய வண்டி ஒன்று. ஆரம்ப விலை ஒரு லட்சம். ஒவ்வொரு கேள்விக்கும் 2,000 ஏற்ற வேண்டும். உண்மையாக வாங்க வந்தவர்கள் இருவர். முதலாமவர் 1,80,000 வரை போகத் தயார். இரண்டாமவரின் எல்லை 1,40,000.

நேர்மையான ஏலத்தில் இரண்டாமவர் 1,40,000 கேட்பார். முதலாமவர் 1,42,000 என்பார். இரண்டாமவர் நின்றுவிடுவார். வண்டி 1,42,000-க்குப் போகும்.

இப்போது விற்பவரின் ஆள் நுழைகிறார். அவர் 1,44,000 என்பார். நம்மவர் 1,46,000 என்பார். இப்படியே ஏறி, அவர் 1,76,000 சொல்ல, நம்மவர் 1,78,000 சொல்ல, அத்தோடு அவர் நின்றுவிடுகிறார். 36,000 ரூபாய் அதிகம். நம்மவருக்குச் சந்தேகமே வராது. 'போட்டி பலமாக இருந்தது, ஆனாலும் ஜெயித்துவிட்டேன்' என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்.

பொய்க் கேள்விக்காரர் ஒருபடி கூடப் போய் 1,80,000 சொல்லிவிட்டால்? அடுத்த கேள்வி 1,82,000 ஆக வேண்டும். நம்மவர் எல்லை தாண்டாமல் ஒதுங்கிவிடுவார். வண்டி விற்பவர் கையிலேயே மாட்டிக்கொள்ளும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு போன் வரும்: "ஜெயித்தவர் பணம் கட்டவில்லை சார். உங்கள் கடைசிக் கேள்வி 1,78,000-க்கே தருகிறோம்." இப்படி வரும் அழைப்பெல்லாம் மோசடி என்று சொல்ல மாட்டேன். பணம் கட்டாமல் ஓடுகிறவர்களும் உண்டு. ஆனால் கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

சில தளங்களில் உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே கணினியிடம் சொல்லி வைக்கலாம். அது மற்றவரைவிட ஒருபடி மட்டும் மேலே உங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும். வென்றவர் தன் உச்ச விலையைக் கொடுக்காமல் அடுத்தவரின் விலையை ஒட்டிக் கொடுத்தால் போதும் என்ற முறையை 1961-ல் விளக்கி எழுதியவர் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி. 1996-ல் நோபல் பரிசு அறிவித்த மூன்றாம் நாள் அவர் காலமானார். மிக நல்ல முறைதான். ஆனால் பொய்க் கேள்விக்காரர் கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்ப்பதுபோலச் சிறிது சிறிதாக ஏற்றி, நீங்கள் சொல்லி வைத்த உச்சத்தைக் கண்டுபிடித்துவிட முடியும்.

இதெல்லாம் கற்பனை அல்ல. 1995-ல் தொடங்கிய ஈபே தளத்தில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் ஓர் ஓவியம் ஏலத்துக்கு வந்தது. அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்தது போலத் தோன்றும்படி அதை வைத்திருந்தார்கள். விலை 1,35,805 டாலர் வரை ஏறியது. விசாரித்தபோது, விற்றவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் கணக்கு வைத்து ஒருவர் பொருளுக்கு ஒருவர் விலை ஏற்றியது வெளிப்பட்டது. ஈபே விற்பனையை ரத்து செய்தது. 2001-ல் இருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் வக்கீல்! இங்கிலாந்தில் 2010-ல், தன் பொருளுக்குத் தானே வேறு பெயரில் விலை ஏற்றிய ஒருவருக்கு பிராட்ஃபோர்டு நீதிமன்றம் 5,000 பவுண்டு அபராதமும் 250 மணி நேரச் சமூக சேவையும் விதித்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். கணினி பிறப்பதற்கு முன், 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

விற்பவர் தன் பொருளுக்குக் குறைந்தபட்ச விலை வைக்கலாம். அதை அறிவிக்க வேண்டும். தானும் ஏலத்தில் கேட்கும் உரிமையை வெளிப்படையாக அறிவித்து வைத்துக்கொள்ளலாம். அப்படி அறிவித்தால் அவரோ அவர் சார்பில் ஒருவரோ கேட்கலாம். அறிவிக்காமல் தானே கேட்பதும், ஆள் வைத்துக் கேட்பதும், அது தெரிந்தே ஏலக்காரர் அந்தக் கேள்வியை ஏற்பதும் சட்ட விரோதம். அந்த விற்பனையை வாங்கியவர் மோசடியாகக் கருதலாம். விலை ஏற்றுவதற்காகப் பொய்யாகக் கேட்டிருந்தால், விற்பனையை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

இதன் நியாயத்தைக் கவனியுங்கள். 'என் பொருள் அடிமாட்டு விலைக்குப் போய்விடக் கூடாது' என்ற விற்பவரின் பயம் நியாயமானது. அதற்குச் சட்டமே முன்வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. குறைந்தபட்ச விலையைச் சொல், அல்லது நானும் கேட்பேன் என்று சொல். இரண்டு வழி இருக்கும்போது மூன்றாவதாகக் கொல்லைப்புறம் வழியாக வருவதற்குச் சாக்கு கிடையாது.

மின்னணு முறையில் ஏற்படும் ஒப்பந்தம் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்வதால், கணினியில் நடந்தது என்பதும் தப்பிக்கும் வழி ஆகாது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. அரசு மனையை ஏலத்தில் எடுத்தவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2009-ல் ஒரு சண்டிகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லா ஏலத்துக்கும் அது அப்படியே பொருந்துமா என்பதை உங்கள் வக்கீலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வழிகாட்டுதலுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணமே மோசடியாகப் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930.

ஒரு தையல் மெஷின்

'அவர் தன் எல்லைக்குள்தானே வாங்கினார்? இதில் என்ன நஷ்டம்?' என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். இதைச் சொல்லாமல் கட்டுரையை முடித்தால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது.

1991 என்று நினைவு. என் மேலதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகும்போது குவார்ட்டர்ஸ் வாசலில் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். ஸ்டாஃப் எல்லோரும் கூடியிருந்தோம். கால்மிதித் தையல் மெஷின் ஒன்று. எங்கள் கீமேன் ஒருவர் 400 ரூபாய் என்றார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. மேலதிகாரி என்னைப் பார்த்துக் கண் காட்டினார். முதல் நாளே சொல்லி வைத்திருந்தார், "சும்மா ரெண்டு தடவை கையைத் தூக்குப்பா" என்று. நானும் தூக்கினேன். இரண்டு தடவை அல்ல, ஆறு தடவை. 700 ரூபாயில் அவர் கேட்க, நான் நிறுத்தினேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். அவர் சொசைட்டியில் கடன் போட்டுப் பணம் கட்டினார்.

பல வருஷம் கழித்து, அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "எனக்கு மெஷினப் பத்தி என்னங்க தெரியும்? எஞ்சினியர் சார் நீங்களே விடாம கேக்கறீங்களே, அப்ப நல்ல மெஷினாத்தான் இருக்கும்னு நெனச்சேனுங்க" என்றார்.

எல்லை என்பது ஒருவர் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வரும் எண் அல்ல. எதிரே கேட்பவரைப் பார்த்துத்தான் அது நீள்கிறது. அவர் எல்லையை நீட்டியது என் கை. அந்த 300 ரூபாய் என் பைக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் பையிலிருந்து போனது என்னால்தான். இன்று வரை அதை மறக்க முடியவில்லை.

நிற்க.

ஏலம் நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது

ரயில்வே சிக்னலில் இன்டர்லாக்கிங் என்று ஒன்று உண்டு. பாயிண்டு சரியாகச் சேர்ந்து பூட்டாத வரை பச்சை சிக்னல் விழாது. ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவரா, களைத்திருக்கிறாரா என்பதைப் பொறுத்த விஷயம் அல்ல. தவறு செய்ய முடியாதபடி அமைப்பே தடுக்கிறது. நடந்ததையெல்லாம் நொடி வாரியாகப் பதிந்துகொள்ள டேட்டா லாகர் என்ற கருவியும் இருக்கிறது. விபத்து நடந்தால் முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.

இணைய ஏலத்துக்கும் இந்த இரண்டும் வேண்டும். விற்பவரின் வங்கிக் கணக்கு, கைபேசி எண், கணினி முகவரி ஆகியவற்றோடு ஒத்துப்போகும் எந்தக் கணக்கும் அந்த ஏலத்தில் கேட்க முடியாதபடி தளமே தடுக்க வேண்டும். வாங்குபவர்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் இருக்கட்டும். ஆனால் ஏலம் நடத்துபவருக்கு எல்லோர் முகமும் தெரிந்திருக்க வேண்டும்; புகார் வந்தால் விசாரணை அதிகாரியிடம் அந்தப் பதிவைக் காட்ட வேண்டும். கடைசி நிமிஷக் கேள்வி வந்தால் நேரம் தானாகச் சிறிது நீள வேண்டும். ரயில்வே ஏலத்தில் இந்த ஏற்பாடு உண்டு. பழங்கால இங்கிலாந்தில் மெழுகுவத்தி அணையும் வரை ஏலம் கேட்பார்கள். அணையும் தருணத்தைப் புகை கீழே இறங்குவதை வைத்துக் கணித்து, கடைசியாகக் கேட்டு ஜெயித்த ஒருவரைப் பற்றி சாமுவேல் பீப்ஸ் 1662-ல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கடைசி நிமிஷத் தந்திரம் அவ்வளவு பழசு!

ஏலம் கேட்கிறவர்கள் செய்ய வேண்டியது

1. பொருளை நேரில் பாருங்கள். முடியாவிட்டால் தெரிந்த மெக்கானிக்கை அனுப்புங்கள். எதிரே கேட்பவரின் உற்சாகத்தை வைத்துப் பொருளின் தரத்தை எடை போடாதீர்கள்.

2. உங்கள் உச்ச விலையை முதல் நாளே காகிதத்தில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஏலச் சூட்டில் அதைத் திருத்தாதீர்கள்.

3. விதிமுறைகளை முழுதும் படியுங்கள். குறைந்தபட்ச விலை உண்டா, விற்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டா, டேவணித் தொகை எப்போது திரும்பும் என்று பாருங்கள். வங்கி ஜப்தி செய்த வீடு, நிலம் என்றால் டேவணியையும் சேர்த்து 25 சதவீதத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும்; மீதியைப் பொதுவாக 15 நாளில் கட்ட வேண்டும். தவறினால் கட்டிய பணம் போய்விடும்.

4. ஏலம் தொடங்கும் முன் அதே விற்பனையாளரின் பழைய ஏலங்களைப் பாருங்கள். ஒரே அடையாளம் எல்லாவற்றிலும் கேட்டு ஒன்றும் எடுக்காமல் இருந்தால் எச்சரிக்கை. அது மட்டுமே நிரூபணம் ஆகாது. சில வியாபாரிகள் மலிவாகக் கிடைத்தால் மட்டும் எடுக்கலாம் என்று எல்லாவற்றிலும் கேட்டுப் பார்ப்பார்கள்.

5. தோற்ற பிறகு 'உங்களுக்கே தருகிறோம்' என்று அழைப்பு வந்தால், உங்கள் கடைசிக் கேள்விக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சந்தேகத்துக்குரிய அந்த ஆள் நுழைவதற்கு முன் எந்த விலையில் நின்றது என்று பார்த்து, அதிலிருந்து பேசுங்கள்.

6. ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து வையுங்கள். சந்தேகம் வந்தால் காலம் தாழ்த்தாமல் எழுத்து மூலம் கேள்வி வரிசையின் நகல் கேளுங்கள். தெரிந்த பிறகும் பேசாமல் பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், விற்பனையை ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிடும்.

முடிவாக

ஏலக்காய் விவசாயிகளிடம் பேசினால் இன்னொரு குறை சொல்வார்கள். ஏலத்தில் வாங்கிய காயையே சில வியாபாரிகள் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வரத்து அதிகம் போலத் தோன்றி விலை இறங்குகிறது என்பார்கள். பொய்க் கேள்வி இல்லாத கிராக்கியைக் காட்டுகிறது. அவர்கள் சொல்லும் இது இல்லாத வரத்தைக் காட்டுகிறது. இரண்டிலும் கெடுவது ஒன்றுதான்: விலை சொல்லும் சாட்சி.

அடுத்த தோட்டத்துப் பையனுக்கு நானே கடிதம் எழுதிக் கொடுத்தேன். கேள்வி வரிசையின் நகலும், அந்த அடையாள எண்ணுக்கும் விற்பவருக்கும் தொடர்பில்லை என்ற எழுத்துப்பூர்வ உறுதியும் கேட்டிருக்கிறோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி பதில் வந்திருக்கிறது. அடுத்த கடிதம் வக்கீல் மூலம் போகிறது. அவன் ஏமாந்தானா என்று என்னால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவனுடைய கேள்விக்குப் பதில் பெறும் உரிமை அவனுக்கு உண்டு என்று உறுதியாகச் சொல்வேன்.

கடைசியாக நமக்குள் ஒரு வார்த்தை. நம் பொங்கல் விழாவிலும் நிதிக்காகக் கரும்புக் கட்டும் வாழைத்தாரும் ஏலம் விடுகிறோம். விலை ஏறட்டும் என்று நம்மில் ஒருவர் விளையாட்டாக ஒப்புக்குக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. நல்ல காரியத்துக்குத்தானே என்று எல்லோரும் சிரித்துக்கொள்கிறோம். வருகிற பொங்கலிலிருந்து குறைந்தபட்ச விலையை மேடையிலேயே அறிவித்துவிட்டு, கேட்கிறவர்கள் எல்லோரும் வாங்குவதற்காகவே கேட்பது என்று வைத்துக்கொள்வோம். நிதி கொஞ்சம் குறையலாம். குறைந்தால் அந்த வித்தியாசத்துக்கு நான் ஒரு தொகை எழுதித் தருகிறேன். 1991-ல் பட்ட 300 ரூபாய்க் கடன் ஒன்று எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.